முயற்கொம்பு முளைத்த நாடு

நுழையும்முன்

ஒரு நிலத்தைப் பற்றி அந்நிலத்தார் சொல்லிக்கொள்ளும் கதைகளை வரலாறு என்று கொள்ளலாமா? மெய்யாயிருந்தும் நம்பப்படாத கதை உண்டு. பொய்யென்று தெரிந்தே போற்றப்படும் கதை உண்டு. சான்றே இல்லாமல் சிலையாகவும் பாடமாகவும் ஆகிவிட்ட கதையும் உண்டு. அமெரிக்காவில் மக்கள்தொகை மிகக் குறைந்த மாநிலமாகிய வயோமிங்கின் வழக்குகள் சிலவற்றைக் கொண்டு அவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

காற்று மிகுந்த நாடு

ராக்கி மலைத்தொடரும் அமெரிக்கப் பெரும்புல்வெளியும் சந்திக்கும் இடத்தில் வயோமிங் அமைந்திருக்கிறது. வரைபடத்தில் அதனைக் கண்டறிவது எளிது. நான்கு புறமும் அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போன்ற நேர்கோடுகளே எல்லைகள். ஆறோ மலையோ அவ்வெல்லைகளை வகுக்கவில்லை; அட்சக்கோடுகளும் தீர்க்கக்கோடுகளும் வகுத்தன. பரப்பு ஏறத்தாழ 2,53,000 சதுர கிலோமீட்டர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 5,76,851 பேர். சதுர கிலோமீட்டருக்கு இருவர் என்பதே கணக்கு. அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களுள் இதனினும் குறைந்த மக்கள்தொகை கொண்டது வேறொன்றில்லை.

ஆள் குறைந்த நாட்டில் அதிகமாக இருப்பது காற்று. வானூர்தி நிலையங்களில் காற்றின் திசையறியக் கம்பத்தில் துணிப்பை ஒன்றைக் கட்டுவது உலக வழக்கம். வயோமிங்கிலோ துணிக்கு மாற்றாகக் கனத்த இரும்புச் சங்கிலியைக் கட்டித் தொங்கவிடுவார்கள் என்பது அம்மக்களின் வேடிக்கை. சங்கிலி தரைக்கு இணையாக நீண்டு நின்றால் அன்று "சற்றே காற்று வீசுகிறது" என்று பொருளாம். ஒருநாள் காற்று சட்டென நின்றுவிட்டதாம். அதுவரை காற்றின்மேல் சாய்ந்து நின்று பழகிய கோழிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் குப்புற விழுந்தனவாம். குளிர்காலத்தில் அம்மாநிலத்தின் நெடுஞ்சாலைகளைக் காற்றுக்காகவும் பனிக்காகவும் மூடுவது இன்றும் வழக்கமாதலால், இந்த வேடிக்கைகளுக்குள் பட்டறிவும் இருக்கிறது.

தம் நாட்டின் வெறுமையை அம்மக்கள் மறைப்பதில்லை. அதையே பெருமையாக எடுத்துரைப்பார்கள். மாநிலம் முழுவதும் நகரும் படிக்கட்டுகள் இரண்டே இடங்களில் உள்ளன, இரண்டும் காஸ்பர் நகரத்து வங்கிக் கட்டடங்களில் உள்ளன என்று விருந்தினருக்கு எண்ணிச் சொல்வார்கள். நெடுஞ்சாலையோரம் பியூஃபோர்டு என்றோர் ஊர். "மக்கள்தொகை 1" என்று அதன் பெயர்ப்பலகையில் எழுதியிருந்தது. அந்த ஒருவரும் ஊரைவிட்டுச் செல்ல எண்ணியபோது, 2012ஆம் ஆண்டில் ஊர் முழுவதும் ஏலத்துக்கு வந்தது. வியட்நாமைச் சேர்ந்த ஒருவர் 9 லட்சம் டாலருக்கு அதனை வாங்கினார். ஊரை விற்றார்கள் என்ற செய்தி பிற இடங்களில் உருவகமாகத்தான் இருக்க முடியும்.

இத்தகைய நாட்டில் எதிர்வரும் வண்டியின் ஓட்டுநர் முன்பின் அறியாதவராயினும், கைப்பிடிச் சக்கரத்திலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் தெரிவிப்பது நாட்டுப்புறச் சாலைகளின் மரபு. மனிதரைக் காண்பதே அரிதாக இருக்கும்போது கண்ட மனிதரை விட்டுவிட மனம் வருவதில்லை. கதைகளும் அங்கு அப்படித்தான். அடுத்த வீடு பல மைல்களுக்கு அப்பால் இருக்கும் நாட்டில், குன்றுக்கொரு கதையும் பாறைக்கொரு பெயருமே அக்கம்பக்கத்தார்போல் உடனிருக்கின்றன.

இரவல் பெயர்

மாநிலத்தின் பெயரே ஓர் இரவல். வயோமிங் என்னும் சொல் இம்மண்ணில் பிறந்ததன்று. கிழக்குக் கடற்கரைப் பக்கம் வாழ்ந்த லெனாப்பி பழங்குடியினரின் மொழியில் அது அகன்ற சமவெளியைக் குறிக்கும் சொல். அப்பெயர் கொண்ட பள்ளத்தாக்கு ஒன்று பென்சில்வேனியாவில் உள்ளது. ஸ்காட்லாந்துக் கவிஞர் தாமஸ் கேம்பெல் 1809இல் அப்பள்ளத்தாக்கைக் களமாக வைத்து ஒரு நெடுங்கவிதை எழுதினார். கவிதை புகழ்பெற்றது, பெயரும் புகழ்பெற்றது. மேற்கே புதிய ஆட்சிப்பகுதி ஒன்றை அமைத்து 1868இல் அதற்குப் பெயர் சூட்டியபோது, செவிக்கு இனிதாக இருந்த அப்பெயரையே நாடாளுமன்றத்தார் எடுத்துக்கொண்டனர்.

அப்போது அந்நிலம் பெயரற்றுக் கிடக்கவில்லை. ஷோஷோனி, அரப்பஹோ, ஷையென், குரோ, லக்கோட்டா முதலிய பழங்குடியினர் அங்கு வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்தனர். ஒவ்வோர் ஆற்றையும் மலையையும் தத்தம் மொழியில் பெயரிட்டு அழைத்தனர். உள்ளே இருந்த பெயர்களைக் கேட்டறியாமல் வெளியிலிருந்து ஒரு பெயரைக் கொண்டுவந்து வைத்தது எத்தகைய செயல் என்பதற்கு அம்மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் நிற்கும் ஒரு பாறையே சாட்சி.

பாறை வளர்ந்த கதை

பெல் ஃபூர்ஷ் ஆற்றங்கரையில், சுற்றிலும் தாழ்ந்த குன்றுகள் சூழ, அடியிலிருந்து நுனிவரை 264 மீட்டர் உயரத்துக்கு ஒற்றைப் பாறை ஒன்று எழுந்து நிற்கிறது. ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் எரிமலைக் குழம்பு இறுகியதால் தோன்றியது அது. குழம்பு குளிர்ந்து சுருங்கியபோது பல பக்கங்களையுடைய தூண்களாகப் பிளந்தது. மேலே மூடியிருந்த மென்மையான படிவுகளைக் காலப்போக்கில் மழையும் ஆறும் அரித்தெடுக்க, வன்பாறை மட்டும் வெளிப்பட்டது. இன்று பார்ப்பவர் கண்ணுக்கு, பெரிய நகங்களால் மேலிருந்து கீழாக யாரோ பிறாண்டியதுபோல் அத்தூண்கள் தோன்றும்.

கியோவா மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். சிறுமியர் எழுவர் ஊருக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்தனர். கரடிகள் துரத்தின. ஓடிய சிறுமியர் தாழ்ந்த பாறை ஒன்றன்மேல் ஏறி நின்று, தங்களைக் காக்குமாறு அப்பாறையையே வேண்டினர். பாறை வளர்ந்தது. கரடிகள் எட்டிப் பிடிக்கப் பாய்ந்து பாய்ந்து பாறையின் பக்கங்களைப் பிறாண்டின. பாறை வானளாவ உயர்ந்து, சிறுமியர் எழுவரும் விண்மீன்களாயினர். அவ்விண்மீன் கூட்டம் எது என்பதில் வழக்குகள் வேறுபடுகின்றன. ஒரு வழக்கின்படி அது கார்த்திகை. சங்கச் சான்றோர் அறுமீன் என்று அழைத்த அதே கூட்டம். நாம் அறுவரைக் கண்ட இடத்தில் அவர்கள் எழுவரைக் கண்டனர். இன்னொரு வழக்கின்படி அது வடவானத்து எழுமீன். அவ்வழக்கில் சிறுமியரின் உடன்பிறந்த சிறுவனே கரடியாக மாறித் துரத்துகிறான். பாறைக்கு மாற்றாக ஒரு மரத்தின் அடிக்கட்டை வளர்கிறது. கியோவா மொழியில் அப்பாறையின் பெயருக்குக் 'கல்மரம்' என்பது பொருள்.

இரண்டாம் வழக்கை உலகறியச் செய்தவர் கியோவா மரபில் வந்த எழுத்தாளர் என். ஸ்காட் மொமடே. 1969இல் புலிட்சர் பரிசு பெற்றவர் அவர். 'கல்மரச் சிறுவன்' என்னும் பொருளுடைய கியோவாப் பெயர் அவருக்குக் குழந்தைப் பருவத்தில் சூட்டப்பெற்றது. ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கியோவா மக்கள் இன்று வயோமிங்கில் இல்லை. பல தலைமுறைகளுக்கு முன்னரே தெற்கு நோக்கிப் பெயர்ந்து இன்றைய ஓக்லஹோமாவில் வாழ்கிறார்கள். பாறையை நேரில் கண்டிராத குழந்தைகளின் வாயிலும் அக்கதை வாழ்கிறது. நிலத்தை இழந்தவர்கள் நிலத்தின் கதையை இழக்கவில்லை.

லக்கோட்டா மக்கள் அதனை 'மாத்தோ திபிலா' என்பர். கரடியின் இல்லம் என்பது பொருள். ஆனால் 1875இல் அப்பகுதிக்கு வந்த படைத்தலைவர் ரிச்சர்ட் டாட்ஜின் குழுவினர், பழங்குடியினர் அதனைத் 'தீய தெய்வத்தின் கோபுரம்' என்று சொல்வதாக எழுதினர். மொழிபெயர்த்தவர் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அப்பிழையிலிருந்தே 'சாத்தானின் கோபுரம்' என்னும் ஆங்கிலப் பெயர் பிறந்தது. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1906 செப்டம்பர் 24 அன்று அதனை அமெரிக்காவின் முதல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தபோது அப்பெயரே அரசு ஆவணத்திலும் ஏறிவிட்டது. கரடிக்கு உரிய வீடு சாத்தானுக்குப் போயிற்று.

பாறைக்குப் பின்னர் வேறு கதைகளும் சேர்ந்தன. 1941ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஜார்ஜ் ஹாப்கின்ஸ் என்பவர் வானூர்தியிலிருந்து வான்குடை மூலம் பாறையின் உச்சியில் குதித்தார். குதித்தது திட்டப்படி நடந்தது. இறங்குவதற்கான கயிறுதான் கைக்கு எட்டாமல் போய்விட்டது. மலையேறும் வீரர்கள் வந்து மீட்கும்வரை ஆறு நாள்கள் அவர் உச்சியிலேயே இருந்தார். வானூர்திகள் உணவையும் போர்வையையும் மேலிருந்து போட்டன. இக்கதையைச் சொல்லிச் சிரிப்பவர் பலர். அதே பாறையில் ஜூன் மாதம் பழங்குடியினரின் வழிபாட்டுக் காலம்; அம்மாதத்தில் யாரும் பாறையேற வேண்டா என்று 1995 முதல் பூங்கா நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது. அது ஆணையன்று, வேண்டுகோள். பெரும்பாலோர் மதிக்கிறார்கள், சிலர் ஏறவும் செய்கிறார்கள். பழைய பெயரை மீட்டுத் தருமாறு பழங்குடித் தலைவர்கள் விடுத்த விண்ணப்பத்தை மாநிலத்தின் பிரதிநிதிகள் எதிர்த்தனர். சுற்றுலா கெடும் என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. ஒரு பெயருக்குள் இவ்வளவு பணம் இருக்கிறது.

பொய்யர் என்று பெயர்பெற்றோர்

ஜான் கோல்ட்டர் என்பவர் தோல்வேட்டைக்காரர். 1807, 1808ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தில் ஏறக்குறையத் தனியாகவே இன்றைய வயோமிங்கின் வடமேற்கு மலைகளைச் சுற்றிவந்தார். நிலத்திலிருந்து ஆவி எழுவதையும், கந்தகம் நாறும் ஊற்றுகள் கொதிப்பதையும் கண்டதாக அவர் சொன்னபோது கேட்டவர்கள் நகைத்தனர். 'கோல்ட்டரின் நரகம்' என்பது அவர்கள் வைத்த கேலிப்பெயர்.

அடுத்த தலைமுறையில் வந்த ஜிம் பிரிட்ஜர் இன்னும் பெரிய கதைசொல்லி. அம்மலைகளின் கணவாய்களும் தடங்களும் அவருக்கு மனப்பாடம். தாம் கண்ட காட்டில் மரங்கள் கல்லாகிவிட்டன, அம்மரங்களில் கல்லான பறவைகள் கல்லான பாட்டைப் பாடின என்பார். கண்முன் நின்ற மானை நோக்கிப் பலமுறை சுட்டும் அது அசையவில்லை. அருகில் சென்று பார்த்தால் நடுவே ஒரு கண்ணாடி மலை நின்றது, மானோ மலைக்கு அப்பால் பல மைல் தொலைவில் மேய்ந்தது என்பார். எதிரொலி திரும்பிவர எட்டு மணி நேரமாகும் ஒரு மலை உண்டாம். இரவில் படுக்கும்முன் "எழுந்திரு, பொழுது விடிந்தது!" என்று அதை நோக்கிக் கூவிவிட்டால், காலையில் அக்குரலே வந்து எழுப்பிவிடுமாம்.

இவற்றுள் எதிரொலியை மட்டும் விட்டுவிடலாம். மற்றவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு மெய் இருந்தது. திருவக்கரையில் நாம் காண்பது போன்ற கல்மரங்கள் அம்மலைகளில் நின்ற நிலையிலேயே உள்ளன. எரிமலைக் கண்ணாடியால் ஆன கரிய பாறைச்சுவர் ஒன்றும் உள்ளது. ஒளி ஊடுருவாது என்பது மட்டுமே வேறுபாடு. பிரிட்ஜர் சொன்னவற்றுள் எவரும் நம்பாத இன்னொன்று: ஒரே ஓடை இரண்டாகப் பிரிந்து இரு பெருங்கடல்களுக்குச் செல்கிறது என்பது. 1873இல் அரசின் ஆய்வுக்குழு அங்குச் சென்று அது மெய்யே என உறுதிசெய்தது. மரங்களடர்ந்த ஒரு கணவாயில் ஓடை பிரிகிறது. ஒரு கிளை மிசௌரி, மிசிசிப்பி ஆறுகளின் வழியாக ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர் ஓடி அட்லாண்டிக்கின் பகுதியாகிய மெக்சிகோ வளைகுடாவில் கலக்கிறது. மறு கிளை சிநேக், கொலம்பியா ஆறுகளின் வழியாக ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் ஓடிப் பசிபிக்கில் கலக்கிறது. பிரிவிடத்தில் ஒருவர் இரு கால்களையும் அகற்றி நின்றால் இரு பெருங்கடல்களுக்கு நடுவே நிற்கிறார்.

சொன்னால் நம்பாத உலகம் படத்தைக் கண்டபின் நம்பியது. 1871இல் நிலவியலாளர் ஹேடன் தலைமையில் சென்ற குழுவில் ஒளிப்படக் கலைஞர் வில்லியம் ஜாக்சனும் ஓவியர் தாமஸ் மோரனும் இருந்தனர். அவர்கள் கொணர்ந்த படங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே சுற்றிவந்தன. 1872 மார்ச் 1 அன்று யெல்லோஸ்டோன் உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கோல்ட்டர் இறந்து அப்போது ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் சொல்லுக்கு வாய்க்காத மதிப்பு ஒரு கண்ணாடித்தகட்டுக்கு வாய்த்தது. வாய்மொழியின் தலையெழுத்து பல நாடுகளில் இதுவே. பழங்குடியினருக்கோ இவ்வூற்றுகளும் ஆவியும் பன்னெடுங்காலமாகத் தெரிந்தவையே. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

கொம்புள்ள முயல்

தமிழ் அளவை நூலார் இல்பொருளுக்கு எடுத்துக்காட்டுத் தேடியபோது ஆகாயத்தாமரையோடு முயற்கொம்பையும் சேர்த்துச் சொன்னார்கள். அந்த முயற்கொம்பைக் கடைத்தெருவில் விலைக்கு விற்ற பெருமை வயோமிங்கின் டக்ளஸ் என்னும் சிற்றூருக்கு உண்டு.

1930களில் ஒருநாள் டக்ளஸ் ஹெரிக் என்பவரும் அவர் தம்பியும் வேட்டை முடித்து வீடு திரும்பினர். இருவரும் விலங்குடல்களைப் பாடம் செய்யும் கலை பயின்றவர்கள். உணவு உண்ணும் அவசரத்தில் முயலைப் பட்டறைத் தரையில் எறிந்தார்கள். அது சறுக்கிச்சென்று அங்குக் கிடந்த மான்கொம்பின் அருகே நின்றது. கொம்பு முளைத்த முயலாகக் கண்ணுக்குப் பட்டது. அப்படியே பாடம் செய்துவிட்டார்கள். ஊரிலிருந்த விடுதியின் உரிமையாளர் அதனைப் பத்து டாலருக்கு வாங்கிச் சுவரில் மாட்டினார். 'ஜாக்கலோப்' என்று பெயராயிற்று.

கதைகள் தாமே முளைத்தன. ஜாக்கலோப் மனிதக் குரலில் பேசும். இரவில் மாடு மேய்ப்போர் நெருப்பைச் சுற்றியமர்ந்து பாடினால் இருளுக்குள்ளிருந்து அதுவும் கூடப் பாடும். மின்னல் வெட்டும்போது மட்டுமே இனம் பெருக்கும். அதன் பாலுக்கு மருந்துக்குணம் உண்டு. ஊர் வணிகர் சங்கம் ஜாக்கலோப் வேட்டைக்கு உரிமச்சீட்டே வழங்குகிறது. அச்சீட்டின்படி வேட்டையாட உரிய நாள் ஜூன் 31. நேரம் நள்ளிரவு முதல் இரண்டு மணிவரை. உரிமம் பெறுபவரின் அறிவுத்திறன் அளவெண் 72க்கு மேற்படக் கூடாது. இதைப் படித்துவிட்டு நாள்காட்டியைப் புரட்டுபவர் உரிமம் பெறும் தகுதியை அங்கேயே நிறுவிவிடுகிறார்.

இப்பொய்யால் யாருக்கும் தீங்கில்லை. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது பொய்யென்று தெரியும். தெரிந்தே இருவரும் உடன்படுகிறார்கள். பொய்க்கும் புனைவுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இதற்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. கொம்புள்ள முயலை ஹெரிக் சகோதரர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே ஐரோப்பிய ஓவியர்கள் வரைந்துள்ளனர். அவர்கள் வெறும் கற்பனையால் வரைந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. முயல்களின் தலையிலும் முகத்திலும் கொம்புபோல் கட்டிகள் வளரச்செய்யும் நோய் ஒன்று உண்டு. ரிச்சர்ட் ஷோப் என்னும் மருத்துவ அறிஞர் 1933இல் அதற்குக் காரணம் ஒரு வைரஸ் என்று காட்டினார். பாலூட்டிகளில் வைரசால் கட்டிகள் உண்டாகலாம் என்னும் புரிதலுக்கு அவ்வாய்வு வழிவகுத்தது. அதே குடும்பத்து வைரசை எதிர்க்கும் தடுப்பூசியே இன்று கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கிறது. முயற்கொம்பைத் தேடிப்போனால் இல்பொருளில் முடியும் என்று அளவை நூலார் கருதினர். இங்கு அது ஆய்வுக்கூடத்தில் முடிந்திருக்கிறது.

தேநீர் விருந்து

வயோமிங்கின் முத்திரைச் சொல் சமத்துவம். 'சமத்துவ மாநிலம்' என்பதே அதன் சிறப்புப்பெயர். 1869 டிசம்பர் 10 அன்று ஆளுநர் ஜான் கேம்பெல் கையொப்பமிட்ட சட்டம் அவ்வாட்சிப்பகுதியின் பெண்களுக்கு வாக்குரிமையும் பதவி வகிக்கும் உரிமையும் அளித்தது. அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு அவ்வுரிமை அரசியலமைப்பு வழியாக உறுதிப்பட்டது 1920இல்தான். அரை நூற்றாண்டு முந்திக்கொண்டது ஆளில்லாத நாடு.

இது எப்படி நிகழ்ந்தது? தலைமுறைகளாகச் சொல்லப்பட்ட கதை இது. பொன் தோண்டும் ஊராகிய சவுத் பாஸ் சிட்டியில் எஸ்தர் ஹோபார்ட் மோரிஸ் என்னும் பெண்மணி இருந்தார். தேர்தலுக்கு முன் தம் வீட்டில் ஒரு தேநீர் விருந்து வைத்தார். எதிரெதிரே நின்ற வேட்பாளர் இருவரையும் அழைத்து, வெல்பவர் பெண்களுக்கு வாக்குரிமை தரும் சட்டமுன்வரைவைக் கொண்டுவர வேண்டும் என்று உறுதி பெற்றார். வென்ற வில்லியம் பிரைட் சொன்ன சொல்லைக் காத்தார்.

இனிய கதைதான். ஆனால் விருந்து நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துச் சான்று எதுவும் இதற்குக் கிடைக்கவில்லை. தோற்ற வேட்பாளர் ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1919இல் சொன்னதே இதன் தொடக்கம். எஸ்தர் மோரிஸ் அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே மறைந்துவிட்டார். பிறகு பாடநூல்கள் அதை எடுத்துக்கொண்டன. எஸ்தரின் சிலையும் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் நின்றது.

ஆவணங்கள் காட்டும் காட்சி இவ்வளவு நேர்த்தியானதன்று. 1870ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கிருந்த மக்கள் ஒன்பதாயிரத்துச் சொச்சம். வயதுவந்தோருள் பெண் ஒருவருக்கு ஆண் அறுவர். பெண்களை ஈர்க்க வேண்டும், ஆட்சிப்பகுதிக்கு விளம்பரம் கிடைக்க வேண்டும் என்று சிலர் எண்ணினர். எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஆளுநரை இக்கட்டில் மாட்டலாம் என்று சிலர் கணக்கிட்டனர். கறுப்பின ஆண்களுக்கு வாக்கு உண்டெனில் எம் பெண்டிர்க்கு ஏன் கூடாது என்னும் நிறவெறியும் அதில் கலந்திருந்தது. நீதியென்று நம்பி வாக்களித்தவர்களும் இருந்தனர். இரண்டே ஆண்டுகளில், 1871இல், அதே சட்டமன்றம் அவ்வுரிமையைப் பறிக்கச் சட்டம் இயற்றியது. ஆளுநர் கேம்பெல் அதனைத் தடுத்தார். அவர் தடையை மீற மேலவையில் ஒரே ஒரு வாக்குக் குறைந்ததால் உரிமை தப்பியது. தேநீர் விருந்தைவிட அந்த ஒற்றை வாக்கே மாணவர் நெஞ்சில் நிற்கத் தக்கது. ஏனோ அதற்குச் சிலை இல்லை.

கதை இல்லாமலே எஸ்தர் மோரிஸ் பெரியவர். 1870 பிப்ரவரியில் அவர் தம் ஊரின் அமைதி நீதிபதியாக அமர்த்தப்பட்டார். அமெரிக்காவில் நீதிபதிப் பொறுப்பேற்ற முதல் பெண்மணி அவர். சுரங்கத் தொழிலாளரும் குடிகாரரும் நிறைந்த ஊரில் எட்டு மாதங்களுக்கு மேல் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பளித்தார். அவ்வாண்டு செப்டம்பர் 6 அன்று லாரமி நகரில் லூயிசா ஸ்வெயின் என்னும் மூதாட்டி காலையில் புளிப்புமா வாங்கத் தகரவாளியோடு கடைத்தெருவுக்குப் புறப்பட்டவர், போகும் வழியில் வாக்குச்சாவடிக்குள் சென்று வாக்களித்தார். அச்சட்டத்தின்கீழ் வாக்களித்த முதல் பெண் அவரே. 1925இல் நெல்லி டெய்லோ ராஸ் அமெரிக்காவின் முதல் பெண் ஆளுநராகப் பொறுப்பேற்றதும் இதே மாநிலத்தில்தான்.

சொல்லப்படாதது

சமத்துவம் என்னும் சொல்லுக்கு அதே மண்ணில் எல்லையும் இருந்தது. தென்மேற்கே ராக் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் இருப்புப்பாதை நிறுவனத்தின் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. 1875இல் வெள்ளைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, நிறுவனம் சீனத் தொழிலாளர்களை இறக்கியது. பத்தாண்டுகளில் அவர்கள் தொகை முந்நூறைத் தாண்டியது. வெள்ளைத் தொழிலாளர் நூற்றைம்பதின்மர். கூலியைக் குறைத்தவர் முதலாளி. கோபம் பாய்ந்ததோ பக்கத்தில் நின்ற கூலியாள்மேல்.

1885 செப்டம்பர் 2 காலையில் ஒரு சுரங்கத்துக்குள் இடத்தகராறு மூண்டது. பிற்பகலில் துப்பாக்கியேந்திய கூட்டம் சீனர் குடியிருப்பைச் சூழ்ந்தது. வீடுகளுக்குத் தீ வைத்தனர், ஓடியவர்களைச் சுட்டனர். குறைந்தது 28 பேர் மாண்டனர். தப்பியவர்கள் உணவும் நீருமின்றிக் குன்றுகளில் அலைந்தனர். ஒரு வாரம் கழித்துப் படைவீரர் காவலோடு அவர்களைத் தொடர்வண்டியில் ஏற்றினர். சான் பிரான்சிஸ்கோவுக்குச் செல்கிறோம் என்று நம்பி ஏறினார்கள். வண்டி ராக் ஸ்பிரிங்சிலேயே கொண்டுபோய் நிறுத்தியது. இறந்தோர் உடல்கள் சில இன்னும் புதைக்கப்படாமல் கிடந்தன. சுரங்கம் மீண்டும் இயங்க ஆள் வேண்டியிருந்தது.

பதினாறு பேர் கைதாயினர். அவர்கள்மேல் குற்றம் சாட்டச் சான்றில்லை என்று விசாரணைக்குழு விடுவித்தது. ஒருவரும் தண்டனை பெறவில்லை. நட்ட ஈடாக அமெரிக்க அரசு ஒன்றரை லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைந்த தொகையைச் சீன அரசுக்கு அளித்தது.

பாறைக்கும் முயலுக்கும் தேநீருக்கும் கதை கட்டிய நாடு, நெடுங்காலம் இதைப் பற்றிப் பேசாதிருந்தது. தீயில் எரிந்த தெருவுக்கு நெருப்பைச் சுற்றியமர்ந்து சொல்லும் கதை எதுவும் பிறக்கவில்லை. ஆயினும் எழுத்து ஒன்று எஞ்சியது. படுகொலை நடந்து பதினாறு நாள்களில், ராக் ஸ்பிரிங்சின் சீனத் தொழிலாளர்கள் நியூயார்க்கிலிருந்த தங்கள் நாட்டுத் தூதருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினர். யார் எந்தப் பக்கமிருந்து வந்தனர், எப்போது முதல் வெடி கேட்டது, எந்த வழியாக ஓடினர், யார் எங்கே விழுந்தனர் என்று ஒவ்வொன்றாக அதில் எழுதியிருந்தனர். கொல்லப்பட்டவர்களின் பெயர்களும், அவர்தம் ஊரில் அவர்களை எதிர்பார்த்திருக்கும் பெற்றோர், மனைவி, மக்கள் பற்றிய செய்திகளும் அதனோடு தொகுக்கப்பட்டன. ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அவ்விண்ணப்பத்தில் கையொப்பமிட்டனர்.